காலியாக விட வேண்டிய கட்டம்

இளஞ்செழியனின் பதவிப் பெயர் போன அன்று அலுவலகம் துக்க வீடு மாதிரி இருந்தது. அவர் ஒருவர் மட்டும் வயிறாரச் சாப்பிட்டார்.

2025 ஜனவரி. தில்லியில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கட்டட வடிவமைப்புப் பிரிவு. காலை பதினொரு மணிக்கு ஒற்றைப் பக்க உத்தரவு ஒன்று வந்தது. பிரிவில் ‘உதவி ஆர்க்கிடெக்ட்’ என்று இருந்த ஏழு பேரில், ஆர்க்கிடெக்ட் கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் இல்லாத நான்கு பேர் இனிமேல் ‘உதவித் தொழில்நுட்ப அலுவலர்’ என்று அழைக்கப்படுவார்கள். சம்பளத்தில் மாற்றமில்லை, நாற்காலியில் மாற்றமில்லை, ஓய்வு பெறும் தேதியும் அதேதான். சொல் மட்டும்தான் மாறியது. மதியத்துக்குள் ஒரு ஆள் வந்து மேஜைமேல் இருந்த பெயர்ப் பலகைகளைச் சேகரித்து ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்.

மற்ற மூன்று பேரும் டீயைக்கூடத் தொடவில்லை. பக்கத்துப் பிரிவுகளிலிருந்து ஒவ்வொருவராக வந்து, தோளைத் தொட்டு, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்கள். இளஞ்செழியனும் ஊரோடு ஒத்துப்போக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். உள்ளுக்குள்ளோ, பதினாறு வருடமாகக் கடித்துக்கொண்டிருந்த செருப்பைக் கழற்றி வீசிய மாதிரி இருந்தது. இதை வெளியே சொன்னால் மற்ற மூவரும் அடிக்க வருவார்கள். அதனால் டிபன் டப்பாவைத் திறந்து, மனைவி கனிமொழி கட்டிக் கொடுத்திருந்த வெண்டைக்காய்ப் பொரியலை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டு முடித்தார்.

பட்டம் பறிபோனதற்குச் சந்தோஷப்படுகிற மனிதர் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ஏன் என்று சொல்ல, அவரை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

விழுப்புரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த காத்தவராயனின் மூத்த மகன் அவர். பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேர்ந்து கட்டட வரைகலையில் மூன்று வருட டிப்ளமா படித்தார். ஐந்து வருடம் படித்து ஆர்க்கிடெக்ட் ஆகலாம் என்று யாரோ சொன்னார்கள். பஞ்சர் ஒட்டுகிற கடைக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. டிப்ளமாவின் கடைசித் தேர்வில் நான்கு மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது: 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி யார் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளலாம்? ‘கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டும்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டு, கீழே கோடும் போட்டார். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்கிற வழியைப் பத்தொன்பது வயதிலேயே அவர் தன் கையால் அடைத்துக்கொண்டார்.

1991-இல் வரைவாளராகத் தில்லிக்கு வந்தார். கட்டட வரைபடம் எதை எடுத்தாலும் அதன் வலது கீழ் மூலையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஆர்க்கிடெக்ட். வரைந்தவர் கட்டம் இருப்பதிலேயே சிறியது. அதில் பதினேழு வருடம் தன் பெயரின் இரண்டு எழுத்தை மட்டும் எழுதினார். மருத்துவமனைகள், ஊழியர் குடியிருப்புகள், ஒரு விளையாட்டரங்கம் எல்லாம் அந்த இரண்டு எழுத்தின் மேல் எழுந்து நின்றன. ஆர்க்கிடெக்ட் கட்டத்தில் வேறு யாரோ பெரிதாகக் கையெழுத்துப் போடுவார்கள். சிலர் அந்த வேலை நடக்கிற இடத்தை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருக்குப் பொறாமை இருந்ததா என்றால், இருந்தது. நிறையவே இருந்தது.

2008-இல் பணிமூப்பு அடிப்படையில் பதவி உயர்வு வந்தது. உதவி ஆர்க்கிடெக்ட். உத்தரவைக் கையில் வாங்கியபோது அந்த நான்கு மதிப்பெண் கேள்வி ஞாபகம் வந்தது. நானாகப் போட்டுக்கொள்ளவில்லையே, நிறுவனம் கொடுத்தது என்று அதன் வாயை அடைத்தார். ஊர் சும்மா இருக்குமா? அந்த வருடம் தங்கை மகனுக்குக் காதுகுத்து. விழுப்புரம் கல்யாண மண்டப வாசலில் பத்தடி ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தார்கள். அதில் கூலிங் கிளாஸ் போட்ட ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பக்கத்தில் இவர் முகம், கீழே ‘டெல்லி புகழ் ஆர்க்கிடெக்ட் தாய்மாமன்’. உதவி என்கிற சொல்லுக்குப் போர்டில் இடம் இல்லையாம். கனிமொழி தன் பங்குக்கு ஒரு பித்தளைப் பலகை செய்து வாங்கி, தில்லி மயூர் விஹார் வீட்டுக் கதவில் மாட்டினார். அதிலும் உதவி இல்லை.

அந்தப் பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டே படியேறியவர் வெங்கட்ராமன். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபைல் என்பதை உயிருள்ள ஜீவனாக மதிக்கிறவர். 2011-இல் அவர்கள் குடியிருந்த பி பிளாக்கின் பதினாறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து, பின்பக்கம் புதுத் தூண் எழுப்பி ஆளுக்கு ஓர் அறை கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டிருந்தார்கள். சிலருக்கு ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தார்கள். சங்கக் கூட்டம் ஒரு தீர்மானம் போட்டது: ஆர்க்கிடெக்ட் கையெழுத்திட்ட வரைபடம் ஃபைலில் ஏறாமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. தீர்மானத்தை வாசித்து முடித்துவிட்டு வெங்கட்ராமன் இளஞ்செழியனைப் பார்த்தார். பதினைந்து வீட்டுக்காரர்களும் பார்த்தார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வரைந்து தருகிறேன், கையெழுத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று ஒரு வரி போதும். ஆனால் பதினேழு வருடம் சின்னக் கட்டத்தில் இருந்தவரை முப்பது கண்கள் ஒரே நேரத்தில் பெரிய கட்டத்துக்குக் கூப்பிட்டால் அவர் என்ன செய்வார்? சரி என்று தலையாட்டிவிட்டார்.

வேலையில் குறை வைக்கவில்லை. மூன்று மாதம் விடுமுறை நாள் முழுக்க அதற்கே போயிற்று. தூண், கம்பிக் கணக்கையெல்லாம் அலுவலகத்தில் கட்டமைப்புப் பொறியாளராக இருந்த நண்பர் பெரியண்ணன் போட்டுத் தந்தார். பழைய கட்டடத்தையும் புதிய பகுதியையும் ஒட்டக் கூடாது, மூன்று விரல் அகலத்துக்குச் சந்து விட வேண்டும், நிலம் ஆடினால் இரண்டும் ஒன்றையொன்று இடிக்காமல் தனித்தனியாக ஆடும் என்றார். இளஞ்செழியன் அதை அப்படியே வரைந்தார். வரைந்ததோடு விடாமல் காவலும் காத்தார். இரண்டாம் மாடியில் கொத்தனார் அந்தச் சந்தைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிட்டுப் போனபோது, இவர் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புப் போட்டு, பக்கத்தில் நின்று கொத்தி எடுக்க வைத்தார். அதன்மேல் தகடு போட்டு மூடியும் அதற்குள் கரப்பான் குடியேறியது. பதினாறு வீட்டுப் பெண்களும் அதற்குக் கரப்பான் சந்து என்று பெயர் வைத்து, பதினான்கு வருடமாக அவரைத் திட்டி வருகிறார்கள். கனிமொழியும் அந்தப் பதினாறில் ஒருவர்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பே, வரைபடத்தை வெங்கட்ராமனிடம் கொடுத்தபோதே வினை வந்துவிட்டது. அச்சுக் கடைக்காரன் தயாராக வைத்திருந்த தாளில் ஆர்க்கிடெக்ட் கையெழுத்துக்குக் கீழே ‘பதிவு எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைக் காலியாக விட்டிருந்தார்.

“ஓய் செழியன், இது காலியா இருக்கே.”

“அது அவசியமில்ல சார்.”

“அவசியமில்லேன்னா கட்டம் எதுக்குப் போட்டிருக்கான்? முப்பத்தஞ்சு வருஷம் ஃபைல் பார்த்தவன் ஓய் நான். காலிக் கட்டத்தோட ஒரு பேப்பர் என் கையைத் தாண்டினதில்லை. ஒரு நம்பரைப் போடும்.”

பேனாவை எடுத்தார். கை தானாக 4473 என்று எழுதியது. அது அவருடைய ஊழியர் எண். விடுப்பு விண்ணப்பம், கேண்டீன் கூப்பன், மருத்துவச் சீட்டு என்று இருபது வருடமாக எதில் எண் கேட்டாலும் அதைத்தான் எழுதி வந்திருக்கிறார். அரசாங்க வேலைக்காரர்களிடம் எண் கேட்டால் இதுதான் வரும். கை செய்த தவறு என்று அதைச் சொல்லலாம்தான். ஆனால் கண் பார்த்துக்கொண்டிருந்தது, எழுதியதை அவர் அடித்துவிடவில்லை. வெங்கட்ராமன் திருப்தியாகத் தாளை மடித்து ஃபைலில் கோத்தார். பதினாறு வீட்டுக்காரர்களும் சேமிப்பைச் சுரண்டி எடுத்து வேலையை ஆரம்பித்தார்கள்.

அன்றிலிருந்து மழை பெய்தால் இளஞ்செழியன் பின்பக்கம் போய்த் தூண்களைப் பார்ப்பார். சங்க அலுவலகத்தில் ஃபைல் அலமாரி திறந்திருந்தால் நடையை மாற்றிக்கொள்வார். யாராவது வழியில் நிறுத்தி, “ஆர்க்கிடெக்ட் சார்” என்றால் அவருக்கு முதலில் 4473 தான் காதில் விழும்.

2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சற்று முன்னால், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. வேறொரு அமைப்பின் ஊழியர் பற்றிய வழக்கு. இளஞ்செழியன் அதை மொபைலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முழுக்கப் படித்தார். சட்டம் காப்பது ஆர்க்கிடெக்ட் என்கிற பெயரைத்தான், வேலையை அல்ல. பதிவு இல்லாதவர் வரைவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை, அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்வதைத்தான் தடுக்கிறது. அரசு அமைப்புகளும் பதிவு இல்லாதவரை அந்தப் பெயர் கொண்ட பதவியில் உட்கார வைக்கக் கூடாது. படித்து முடித்ததும் பாதி நிம்மதி வந்தது. வரைந்தது குற்றமில்லை. மீதிப் பாதி பயமாகவே நின்றது, ஏனென்றால் பெயரையும் சூட்டிக்கொண்டு அடியில் எண்ணையும் எழுதியவர் அவர்.

அலுவலகத்தில் அந்தத் தீர்ப்பைப் பற்றிய ஃபைல் சட்டப் பிரிவுக்கும் பணியாளர் பிரிவுக்கும் நடுவே ஐந்து வருடம் நடை பயின்றது. வரைவாளர் சங்கம் எதிர்ப்பு மனு தயார் செய்து கையெழுத்து வாங்கியது. இளஞ்செழியன் கைச்சுளுக்கு என்று சொல்லித் தப்பித்தார். கடைசியில் ஜனவரி உத்தரவு வந்தது, வெண்டைக்காய்ப் பொரியல் ருசித்தது. அன்று மாலை மெட்ரோவில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்து, கதவிலிருந்த பித்தளைப் பலகையைத் தானே கழற்றினார்.

“சம்பளம் கொறையுதா?” என்று கேட்டார் கனிமொழி.

“இல்ல.”

“அப்ப போவட்டும் வுடுங்க. அத்த தேச்சித் தேச்சி எனக்குத்தான் கை வலி.”

கதவில் நான்கு ஓட்டைகள் மிஞ்சின. அவர் கணக்கில் இனி அந்தச் சொல் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு இடத்தில், வெங்கட்ராமனின் அலமாரியில். அது யார் கண்ணிலும் படாமல் செல்லரித்துப் போய்விடும் என்று அவர் நம்பத் தொடங்கிய நேரத்தில், பிப்ரவரியில் ஒரு விடியற்காலை தில்லி ஆடியது.

பெரிய நடுக்கமில்லை, சில நொடிதான். ஆனால் பி பிளாக் முழுக்கப் போர்வையோடு கீழே இறங்கி நின்றது. இளஞ்செழியன் செருப்புக்கூடப் போடாமல் நேரே பின்பக்கம் ஓடினார். இருட்டில் தூண்களைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அந்த வாரமே சங்கம் கூடி, கட்டடத்தை முறையாகப் பரிசோதிப்பது என்று முடிவெடுத்தது. கட்டியதற்கு அரசாங்க அனுமதி வாங்குவதை அடுத்த கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்று ஒவ்வொரு கமிட்டியும் பதினான்கு வருடமாகத் தள்ளி வந்த காரியத்தையும் இத்தோடு முடித்துவிடலாம் என்றார்கள். சுபாஷிணி என்கிற ஆர்க்கிடெக்டை அமர்த்தினார்கள். முப்பத்தைந்து வயது, தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், கவுன்சிலில் பதிவு பெற்றவர்.

வெங்கட்ராமன் உற்சாகமாக போன் செய்தார். “செழியன், உம்ம வரைபடத்தை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை ரிப்போர்ட் சொல்றா. பதினாலு வருஷத்துப் பேப்பர், ஒரு மடிப்புக் கலையாம வச்சிருக்கேன் பாரும்.”

இளஞ்செழியனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்து, பதிவு இருப்பதாகப் பொய்யாகக் காட்டிக்கொள்வோர் பற்றிய பிரிவைப் படித்தார். பிறகு அதைக் கனிமொழியின் முன்னால் வைத்து, கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்த எண்ணைப் பற்றிச் சொன்னார். கனிமொழி முழுவதும் கேட்டார்.

“என்னா நம்பரு எழுதுனீங்க?”

“ஸ்டாஃப் நம்பர்.”

கனிமொழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று இவர் பதறினார். அது சிரிப்பு. அடங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு சட்டப் புத்தகத்தை இழுத்துப் பார்த்தார். “ஆயிரம் ரூவா அபராதம். இதுக்கா பதினாலு வருஷமா மழ பேஞ்சா எழுந்து எழுந்து போனீங்க?”

“ரூவாய்க்கு இல்ல கனி. பதினாறு வீடும் அந்த எழுத்த நம்பிக் கட்டுனாங்க. நம்ம வீட்ல மட்டும்னா பரவால்ல. மத்த வீட்ல ஒரு வெரிசல் இருந்துச்சின்னா, ஏமாத்துனவன்னு சொல்லுவாங்க. சொன்னா நான் இல்லன்னு சொல்ல முடியாது.”

கனிமொழி சிரிப்பை விட்டுவிட்டார். “அந்தப் பொண்ணு எடுத்துச் சொல்றதுக்கு முந்தி நீங்களே சொல்லிடுங்க. நான் கூட வரேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை, படிக்கட்டுக்கு அடியில் இருந்த சங்க அறையில் இருபது பேர் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூட்டம் வழக்கம்போல் பாதி இந்தியில், பாதி தமிழில் நடந்தது. சுபாஷிணி மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் அந்தப் பழைய வரைபடம், உண்மையிலேயே ஒரு மடிப்புக்கூடக் கலையாமல். அவர் வாயைத் திறப்பதற்குள் இளஞ்செழியன் எழுந்துவிட்டார்.

“மேடம், நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். அதுல ஆர்க்கிடெக்ட்னு கையெழுத்து போட்டது நான். நான் ஆர்க்கிடெக்ட் இல்ல. டிப்ளமா படிச்ச டிராஃப்ட்ஸ்மேன். ஆஃபீஸ்ல அந்தப் பேர் குடுத்திருந்தாங்க, இப்ப எடுத்துட்டாங்க. கீழ இருக்கற நம்பர் பதிவு எண் இல்ல, என் ஸ்டாஃப் நம்பர். தெரிஞ்சேதான் எழுதினேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்.”

மூன்றாம் மாடி ரவிக்குமார்தான் முதலில் பேசினார். அவருடைய அம்மா அந்தப் புது அறையில்தான் படுத்திருக்கிறார்.

“அப்ப எங்க அம்மா தலைக்கு மேல இருக்கற கூரைக்கு யார் சார் பொறுப்பு? பதினாலு வருஷம் வாய மூடிக்கிட்டு எங்ககூடப் பொங்கல் கொண்டாடினீங்களே.”

இளஞ்செழியன் நின்றபடியே இருந்தார். கனிமொழி கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தும் உட்காரவில்லை.

“நான்தான் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னேன்,” என்றார் வெங்கட்ராமன். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. “அவர் காலியாத்தான் விட்டிருந்தார். காலியா இருந்தா என் ஃபைலுக்கு அழகில்லேன்னு நான்தான் வற்புறுத்தினேன். அதையும் எழுதிக்கோங்கோ.”

சுபாஷிணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அங்கிள், முதல்ல உட்காருங்க. ப்ளீஸ். அந்த நம்பர் எனக்கு முதல் நாளே தெரியும். கவுன்சில் சைட்ல போட்டுப் பார்த்தேன், எங்க நம்பர் அந்த மாதிரி இருக்கவே இருக்காது, முன்னாடி எழுத்து வரும், வருஷம் வரும். மத்லப், அதாவது, நாலு டிஜிட்ல யாருக்கும் கிடையாது. யாரோ இன்டர்காம் நம்பர் எழுதியிருக்காங்கன்னு நினைச்சேன்.”

கனிமொழிக்கு மறுபடி தோள் குலுங்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

“அந்தப் பேரும் நம்பரும் போட்டது தப்பு. அதை நான் சரின்னு சொல்ல மாட்டேன், சொன்னா நான் அஞ்சு வருஷம் படிச்சதுக்கு அர்த்தமில்ல,” என்று தொடர்ந்தார் சுபாஷிணி. “ஆனா நான் நம்பரைப் பார்க்க மட்டும் வரல, கட்டடத்தைப் பார்க்க வந்தேன். நானும் என் இன்ஜினியரும் நாலு நாள் எல்லாத் தூணையும் தட்டிப் பார்த்தோம், ரெண்டு இடத்துல கம்பி வரைக்கும் திறந்து பார்த்தோம். வரைபடத்துல என்ன இருக்கோ அதுதான் உள்ள இருக்கு. தில்லியில நான் இப்படிப் பார்த்ததே ரொம்பக் கம்மி. அச்சா, அந்தச் சந்து, பழைய பில்டிங்குக்கும் புதுசுக்கும் நடுவுல. அதை யாரு விடச் சொன்னது?”

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. “கரப்பான் சந்தா?” என்றார் ஒருவர்.

“பெரியண்ணன்னு ஒரு இன்ஜினியர் சொன்னாரு,” என்றார் இளஞ்செழியன்.

“சொல்றது ஈசி அங்கிள். மேல வரைக்கும் அடைபடாம இருக்கே, அது யாரு?”

“இவருதான்,” என்றார் கனிமொழி. “ரெண்டாவது மாடியில கொத்தனாரு அடைச்சத லீவு போட்டு நின்னு எடுக்க வச்சாரு. நாங்கல்லாம் திட்டுனோம்.”

“இனிமே திட்டாதீங்க ஆன்ட்டி. ரெண்டு தெரு தள்ளி ஒரு பிளாக்ல இதே மாதிரி கட்டி, சந்தை அடைச்சு வச்சிருக்காங்க. போன மாசம் ஆடினதுல மேலேர்ந்து கீழ வரைக்கும் விரிசல். இங்க ஒரு கோடுகூட இல்ல. பில்டிங் நல்லா இருக்கு. ரவி அங்கிள், உங்கம்மா நிம்மதியாத் தூங்கலாம். இதை நான் என் பதிவு எண்ணைப் போட்டு எழுதித் தரேன்.”

அப்போதுதான் இளஞ்செழியன் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் கண்ணையும் துடைத்துக்கொண்டார். கட்டடம் நன்றாக இருக்கிறது, எல்லோரும் பத்திரமாக இருக்கிறார்கள். அவருக்கு வேறொன்றும் காதில் ஏறவில்லை.

எல்லோரும் உடனே கட்டித் தழுவிக்கொள்ளவில்லை. ரவிக்குமார் எழுந்து போய்விட்டார். இன்றைக்கும் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைக்கிறார். அது நியாயம்தான் என்று இளஞ்செழியன் நினைக்கிறார். சங்கம் ஒரு திருத்தத் தீர்மானம் போட்டது. பழைய வரைபடத்தின் மேல் ‘ஆர்க்கிடெக்ட் கையெழுத்தாகக் கொள்ளக் கூடாது’ என்று வெங்கட்ராமன் தன் கையாலேயே சிவப்பு மையில் எழுதினார். எழுதும்போது ஏதோ சொந்தக்காரருக்கு ஊசி போடுகிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

அனுமதிக்குப் புதிய வரைபடம் தேவைப்பட்டது. இருக்கிற கட்டடத்தை இருக்கிறபடி அளந்து வரைந்து, சுபாஷிணி சரிபார்த்துத் தன் பொறுப்பில் கையெழுத்திட வேண்டும். “வரைய ஆள் வேணும். உங்களைவிட இந்த பில்டிங் தெரிஞ்சவங்க யாரு இருக்கா அங்கிள்?” என்று அவரே கேட்டார். நாலு ஞாயிற்றுக்கிழமை இளஞ்செழியன் அளவு நாடாவோடு பதினாறு வீட்டுக்குள்ளும் போய் வந்தார். மூன்றாம் மாடியில் ரவிக்குமார் பேசவில்லை. அவருடைய அம்மா காபி கொடுத்தார். சுபாஷிணி சிவப்புப் பேனாவால் பதினோரு இடத்தில் சுழித்துத் திருப்பி அனுப்பினார். அதில் ஒன்பதை இவர் மறுபேச்சில்லாமல் திருத்தினார். இரண்டு இடத்தில் இவர் வாதாடினார், ஒன்றில் ஜெயித்தார்.

ஏப்ரல் நடுவில் இறுதிப் பிரதி அச்சாகி வந்தது. அதே சங்க அறை, அதே மேஜை. ஆர்க்கிடெக்ட் கட்டத்தில் சுபாஷிணி கையெழுத்துப் போட்டு, அடியில் தன் பதிவு எண்ணை எழுதினார். எழுத்தும் வருடமும் எண்ணுமாக அது நீளமாக இருந்தது. இளஞ்செழியன் அதை எட்டிப் பார்த்தார். பழைய பொறாமை வருகிறதா என்று ஒரு கணம் தன்னையே சோதித்துக்கொண்டார். வரவில்லை. அந்த எண் அங்கே இருப்பது நல்லது என்றே பட்டது.

சுபாஷிணி தாளை அவர் பக்கம் திருப்பினார். வரைந்தவர் கட்டம், எப்போதும்போல் இருப்பதிலேயே சிறியது. இளஞ்செழியன் பேனாவை எடுத்தார். கை பழக்கத்தில் இரண்டெழுத்தை நோக்கிப் போயிற்று.

“இனிஷியல் மட்டும் போடாதீங்க அங்கிள். முழுப் பேர் எழுதுங்க.”

அவர் எழுதினார். கா. இளஞ்செழியன். சிறிய கட்டம் கொள்ளவில்லை. கடைசி இரண்டு எழுத்தும் கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டன. அவர் அதை அழிக்கவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் மிச்சம். பேனாவை மூடாமல் பக்கத்தில் தேடினார்.

“இதுக்கு நம்பர் எங்க எழுதறது?”

வெங்கட்ராமனும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். காலிக் கட்டம் எதுவும் அங்கே இல்லை.

“வரைஞ்சவருக்கு நம்பர் கிடையாது அங்கிள்,” என்றார் சுபாஷிணி. “பேர் போதும்.”

இளஞ்செழியன் பேனாவை மூடினார். வீட்டுக்குப் போய், பட்டப்பகலில், பின்பக்கத்துப் புது அறையில் மின்விசிறியைப் போட்டுப் படுத்தார். சாயங்காலம் கனிமொழி எழுப்பும்வரை தூங்கினார். வெளியே ஏப்ரல் மாதத்து ஆலங்கட்டி மழை கொட்டித் தீர்த்திருந்தது. அவருக்கு அது தெரியவே தெரியாது.